மாதவிடாய்ப் பொருட்களில் மாசுகள்

மாதவிடாய்ப் பொருட்களில் மாசுகள் என்பது அணையாடை (நாப்கின்), டாம்பன் முதலியவற்றில் மிகச் சிறிய அளவில் காணப்படும் உலோகங்களையும் தீங்கு விளைவிக்கக்கூடிய வேதிப்பொருட்களையும் குறிக்கும். பெண்கள் பூப்பெய்தியது முதல் மாதவிடாய் நிற்கும் வரை சுமார் 35 முதல் 40 ஆண்டுகள் இப்பொருட்களைப் பயன்படுத்துகின்றனர். எனவே சிறிய அளவும் ஆய்வுக்கு உரியதாகிறது.

உடலில் சேரும் வழி

யோனியின் உட்சுவர் மென்மையானது. இரத்த நாளங்கள் நிறைந்தது. அது பல வேதிப்பொருட்களை எளிதில் உறிஞ்சும். உணவு வழியே குடலில் உறிஞ்சப்படுபவை முதலில் கல்லீரலுக்குச் செல்கின்றன. யோனி வழியே சேர்பவை அவ்வாறு செல்லாமல் நேரடியாக இரத்தத்தில் கலக்கக்கூடும்.

மாசுகள் வரும் வழி

பருத்திச் செடி மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளலாம். சாயம், நறுமணப் பொருள், பசை, நெகிழித் தாள் ஆகியவற்றின் வழியாகவும் வேதிப்பொருட்கள் சேரலாம். முன்னர் இழைகளைக் குளோரின் வாயுவால் வெளுத்தபோது டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் உருவானது. பின்னர் குளோரின் வாயு இல்லாத வெளுப்பு முறைகள் பரவியதால் அதன் அளவு பெரிதும் குறைந்தது.

ஆய்வுகள்

2022-ஆம் ஆண்டில் டெல்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு, இந்தியச் சந்தையில் விற்கப்படும் 10 அணையாடைகளைச் சோதித்தது. இயற்கையானவை என விற்கப்பட்டவை உட்பட அனைத்திலும் தாலேட்டுகளும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. தாலேட்டுகள் நெகிழியை மென்மையாக்கப் பயன்படுபவை; அவற்றுள் சில இயக்குநீர்களின் செயற்பாட்டைக் குலைக்கக்கூடியவை.

2024-ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, 14 வணிகப் பெயர்களைச் சேர்ந்த 30 டாம்பன்களில் 16 உலோகங்களைத் தேடியது. எல்லா டாம்பன்களிலும் ஈயம் காணப்பட்டது. இயற்கை வேளாண் பருத்தியில் செய்தவற்றில் ஈயம் குறைவாகவும் ஆர்சனிக் கூடுதலாகவும் இருந்தன.

முடிவுகளின் பொருள்

ஒரு பொருளில் மாசு இருப்பது வேறு. அது உடலுக்குள் சென்று தீங்கு செய்வது வேறு. பெர்க்லி ஆய்வில் டாம்பன் அமிலத்தில் கரைக்கப்பட்டு, அதிலுள்ள மொத்த உலோகம் அளக்கப்பட்டது. பயன்படுத்தும்போது அதில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அது அளக்கவில்லை. இதை அறிவதற்காகவே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் தனி ஆய்வக ஆய்வை அறிவித்தது. "இயற்கையானது" என்னும் சொல் மட்டும் மாசின்மைக்கு உறுதி தராது என்பதும் இவ்விரு ஆய்வுகளால் தெரிகிறது.

ஒழுங்குமுறை

தென் கொரியாவில் 2017-இல் அணையாடைகளின் பாதுகாப்பு குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. அதன்பின் 2018 முதல் அவற்றின் மூலப்பொருட்கள் அனைத்தையும் உறையில் அச்சிடுவது அங்கு கட்டாயமானது. நியூயார்க் மாநிலம் 2019-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் அணையாடைகளுக்கான தரநிலை ஐ.எஸ். 5405 ஆகும். உறிஞ்சும் திறன், கார அமிலத்தன்மை, நுண்ணுயிர்த் தூய்மை முதலியவற்றை அது வரையறுக்கிறது.

பயன்படுத்துவோர் கவனத்திற்கு

நறுமணம் சேர்க்காத பொருட்களைத் தேர்ந்தெடுத்தால் தேவையற்ற வேதிப்பொருட்கள் சிலவற்றைத் தவிர்க்கலாம். டாம்பனை 4 முதல் 8 மணி நேரத்திற்குள் மாற்ற வேண்டும். இந்த அறிவுரை உலோகங்களைப் பற்றியதன்று. பாக்டீரியா நஞ்சால் ஏற்படும் நச்சு அதிர்ச்சி நோயைத் தடுப்பதற்கானது. மாசுக்கு அஞ்சித் தூய்மையற்ற துணிக்கு மாறுவது தொற்றுக்கு வழிவகுக்கும். துணி பயன்படுத்துவோர் அதைச் சோப்பிட்டுத் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும்.