பலன் பெற்றவரின் முகம்

ஊழியர்களுக்கு ஊக்கம் வர என்ன செய்யலாம் என்று கேட்டால், நிர்வாகிகள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது போனஸ்தான். ஆடம் கிராண்ட் என்ற உளவியல் ஆய்வாளர் வேறொன்றைச் சோதித்துப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்களை. மறுப்பையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போகும் வேலை. அவர்களில் ஒரு பிரிவினர், அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். இன்னொரு பிரிவினர் அவரது கடிதத்தை மட்டும் படித்தார்கள். ஒரு மாதம் கழித்து, மாணவரைச் சந்தித்தவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. கடிதம் படித்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2007-ல் வெளியான இந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது அந்தக் கடிதம்தான். விஷயம் தெரிந்தால் மட்டும் போதவில்லை. ஆள் எதிரே வரவேண்டியிருக்கிறது.

அப்படி ஆள் எதிரே வரும் இடங்களில் ஒன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அதை 1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர். அவருடைய மன உறுதியைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அங்கே பணிபுரியும் பெண்களைப் பற்றி இன்னும் பேச வேண்டும். பெரும்பாலும் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்து வந்து, அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். பார்வையைச் சோதிப்பதிலிருந்து அறுவை அரங்கில் உதவுவதுவரை அவர்கள் கையில்தான். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுகிறார்கள். ஒரே வேலை திரும்பத் திரும்ப. மனம் மரத்துப்போக எல்லாக் காரணமும் உண்டு. ஆனால் கண்புரை அறுவையின் பலனைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மறுநாள் கண்கட்டைப் பிரித்ததும், நேற்று கைபிடித்து அழைத்துவரப்பட்ட பாட்டி எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார். அப்படி எதிரே நிற்பவர் பல நேரம் அந்தப் பெண்களில் ஒருவர்தான்.

பெரும்பாலான வேலைகளுக்கு அந்தப் பேறு இல்லை. ஓய்வூதியக் கோப்பைப் பார்க்கும் எழுத்தர், அந்தப் பணத்தில் மாத்திரை வாங்கும் மூதாட்டியைக் கண்டதே இல்லை. அவருக்கு அது இன்னொரு கோப்பு. நாமோ அவரை மெத்தனக்காரர் என்கிறோம். வருடத்தில் சில நாளாவது அவரை அந்த மூதாட்டிக்கு எதிரே உட்கார வைத்தால் கோப்பு வேகமாக நகரும் என்றே நம்புகிறேன்.

இதையே சாக்காக வைத்துச் சம்பளத்தில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. தூய்மைப் பணியாளரைச் சேவை செய்பவர் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, அவருடைய கூலியை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது அநியாயம். வீட்டு வாடகைக்கு வழி தெரியாமல் நிற்பவரிடம், அவர் யாருக்காக உழைக்கிறார் என்று விளக்கப் போகக் கூடாது. முதலில் பாக்கியைக் கொடுக்க வேண்டும்.