பாற்பல் துலக்குதலும் பெற்றோர் கடமையும்

முன்னாள் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்ததும், இந்நாள் கடலூர் மாவட்டத்திற்கு உட்பட்டதுமான நெய்வேலியில், 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பண்டித ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழ் பேரழுத்தமுடைய ஊற்றுநீர் உளது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றி, அது சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்து மேலெழும். நேற்று இறைத்தோம் என்று இன்று ஓய்ந்திருத்தல் இயலாது. குழந்தையின் வாயும் இத்தகைய இடைவிடாக் காவலை வேண்டுவதொன்றாம்.

பூச்சிப்பல் என்று நாம் வழங்கினும், பல்லை அரிப்பது பூச்சியன்று. நாம் உண்ணும் மாவும் சர்க்கரையும் பல்லின்மேல் ஒட்டி நிற்க, ஆங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கின்றது. இதனை மில்லர் என்னும் அறிஞர் 1890-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். காலையில் அகற்றிய படலம் மாலைக்குள் மீண்டும் படியத் தொடங்கும். பாற்பல்லின் எனாமலோ மெல்லியது, விரைவிற் கரைவது.

நிற்க. இவற்றை அறிந்தும் குழந்தைக்குப் பல் துலக்காத பெற்றோர் உளர். அதற்கு அன்பின்மை காரணமன்று. பின் காரணம் யாது?

முதலாவது, “விழப்போகும் பல்தானே” என்னும் எண்ணம். ஆறாம் மாத அளவில் முளைக்கத் தொடங்கும் இருபது பாற்பற்களுள், கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரையில் நிற்பன. அவை கெட்டால் குழந்தை உண்ணாது, உறங்காது வருந்தும். காலத்திற்கு முன்னே அவை வீழ்ந்தால், அண்டைப் பற்கள் சாய்ந்து, பின் வரும் பல்லுக்கு இடமின்றிப் போம். அன்றியும், ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னே ஒரு கடைவாய்ப்பல் அரவமின்றி முளைக்கும். அதனையும் பாற்பல்லென்று மயங்கிப் புறக்கணிப்பாரும் உண்டு. அதுவோ இழந்தால் மீளாத நிலைப்பல்.

இரண்டாவது, குழந்தையின் அழுகை. மிட்டாய் கொடுத்தால் அக்கணமே சிரிக்கின்றது. பல் துலக்கினால் அக்கணமே அழுகின்றது. துலக்கியதன் பயனோ கண்ணுக்குப் புலனாவதில்லை; ஏனெனில், துன்பம் ஒன்றும் வாராமையே அதன் பயன். மூன்றாவது, அயர்ச்சி. ஷிப்டு முறையில் இராவேலை பார்த்து வீடு திரும்பும் தந்தைக்கும், நாள் முழுதும் உழைத்த தாய்க்கும் இதுவும் ஒரு சுமையாகத் தோன்றுதல் இயல்பே.

ஆதலின், அறிவுரை மட்டும் போதாது, பழக்கம் வேண்டும். நாடோறும் தவறாது நிகழும் ஒரு செயலோடு இதனைப் பிணைத்துவிடுதல் நலம். இரவு உணவுக்குப் பின், படுக்கை விரிக்குமுன் என்று வரையறுத்துக்கொண்டால் நினைவூட்டல் வேண்டுவதில்லை. எவ்வாரம் எவர் இரவில் வீட்டிலிருப்பரோ அவ்வாரம் அவர் கடமை என்று தாயும் தந்தையும் உடன்பட்டாற் சுமையும் பாதியாம். உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால், இரவுத் துலக்கலே இன்றியமையாதது. குழந்தையின் தலையை மடியிற் சாய்த்து, மென்மையான பிரஷ்ஷால் துலக்கலாம். பெற்றோர் தம் பல்லையும் உடன் துலக்கினால் குழந்தை பார்த்துப் பழகும்.

நம் முன்னோர் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றினர். உமிக்கரியும் செங்கற்பொடியும் கொண்டாரும் உளர். கரியும் செங்கல்லும் எனாமலைத் தேய்ப்பனவாதலால் குழந்தைகளுக்கு ஆகா. புளோரைடு கலந்த பற்பசை, மூன்று வயது வரை ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதுமானது. ஏழெட்டு வயது வரை பெற்றோர் கையே துலக்குதல் வேண்டும். அதற்குமுன் குழந்தையின் கைக்கு அத்திறம் வாய்ப்பதில்லை.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று பெற்றோர். இளம் மாணவரோ தம்பி தங்கையர் உடையவர். நள்ளிரவிற் பல்வலியால் அழும் குழந்தையைத் தோளிற் சுமந்து நடப்பதினும், அந்தியில் இரண்டு நிமிடம் அழவிட்டுத் துலக்குதல் எளிதன்றோ? ஆங்குச் சுரங்கத்தில் இறைப்பு ஓயாதது போல், ஈங்கு நம் இல்லங்களிலும் இச்சிறு பணி ஓயாதிருப்பதாக.