பழகாத கமரா

நம் பாண்டிருப்பிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் மட்டக்களப்பு. அங்கே அமிர்தகழியில் பிறந்தவர் ஒளிப்பதிவாளர் பாலுமகேந்திரா. பள்ளிப் பருவத்தில் கிதுல்கலவில், டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்து மயங்கியவர், பிறகு பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார்.

அவர் படித்த அந்தக் காலத்து பிலிம் கமரா எதுவும் இலேசில் வசப்படாது. புதிய மொடல் கைக்கு வந்தால், முதலில் வீணான பிலிமை வெளிச்சத்தில் போட்டுப் பழக வேண்டும். நல்ல பிலிமை, கமராவின் பிலிம் பெட்டியான மகசீனில் ஏற்றுவது கறுப்புப் பைக்குள். அங்கே விரல்நுனிதான் கண். கமராவுக்குள் கோர்ப்பது இன்னொரு வித்தை. பிலிமில் வெளிச்சம் விழும் இடமான கேட்டுக்கு மேலும் கீழும் பிலிமைச் சற்றே வளைத்துத் தளர்வாக விட வேண்டும். தளர்வு குறைந்தால் பிலிம் அறும், கூடினால் உரசிக் கீறும். அளவோ கமராவுக்குக் கமரா வேறு. இத்தனை பாடுபட்டு ஏற்றிய 400 அடிச் சுருள், 35 மில்லிமீற்றர் பிலிம் என்றால், நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்!

ஷொட் முடிந்ததும் கேட்டைத் திறந்து தூசி, மயிர் பார்ப்பார்கள். இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதுதான். மணல் பறக்கும் நம் கரையில் உதவியாளருக்கு அது ஒன்றே போதுமான வேலை.