தேய்ந்த பிளேடும் தெரிந்த ரோபோவும்

பத்தாம் வகுப்பில் வெப்ப இயற்பியல் நடத்தும்போது நீள் விரிவுக்குத் தண்டவாள இடைவெளியைத்தான் வழக்கமாக எடுத்துக்காட்டாகச் சொல்வேன். இந்த ஆண்டு ஒரு மாணவன் குறுக்கிட்டான். "விமான இன்ஜின் உள்ள இருக்கிற பிளேடு தேஞ்சா என்ன சார் பண்ணுவாங்க?" அவன் அண்ணன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். படித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னேன்.

ஜெட் இன்ஜினில் காற்றை அழுத்துவது கம்ப்ரசர். அதன் பிளேடுகளின் முனைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கும். உராய்வாலும், காற்றோடு உள்ளே போகும் மணல், தூசியாலும் முனை தேயும். இடைவெளி கூடினால் அழுத்திய காற்று கசியும். எரிபொருள் அதிகம் செலவாகும். பிளேடு விலை உயர்ந்த பொருள், தூக்கி எறிய மனம் வராது. ஆகவே முனையில் புதிய உலோகத்தை உருக்கிச் சேர்த்து, பழைய வடிவத்துக்குத் தேய்த்தெடுக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். புதிய பிளேடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் பல ஆயிரம் மணி நேரம் பறந்து வந்தவை அப்படி இல்லை. ஒன்று முனையில் தேய்ந்திருக்கும், ஒன்று லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். (மாணவர்களின் செருப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.) மூல வரைபடத்தை நம்பி இயந்திரம் செதுக்கினால் ஓரிடத்தில் ஆழமாக வெட்டும், இன்னோரிடத்தில் மேடு விடும். அதனால்தான் கைதேர்ந்த தொழிலாளிகளின் கண்ணையும் கையையும் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

இப்போது கேமராவோ ஸ்கேனரோ முதலில் பிளேடை அளக்கிறது. கணினி அதன் இன்றைய வடிவத்தை அறிந்து, அந்த ஒரு பிளேடுக்கு மட்டுமான பாதையை வகுக்கிறது. லேசர் உலோகத் தூளை உருக்கி அடுக்கடுக்காகப் படிய வைக்கிறது. 2022இல் ஜி.இ. நிறுவனத்தின் சிங்கப்பூர் பழுதுபார்ப்பு நிலையம் கம்ப்ரசர் பிளேடுகளின் முனையை இப்படி முப்பரிமாண அச்சு முறையில் சரிசெய்யத் தொடங்கியது.

சிமுலேஷன், அதாவது கணினியில் ஒத்திகை, எதற்கு? நம் பாடமே விடை சொல்கிறது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் பழைய உலோகம் விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடுகிறது. மெல்லிய பிளேடு வளையலாம், விரிசலும் விடலாம். லேசரின் திறன், வேகம், எங்கிருந்து தொடங்குவது என்பவற்றை மாற்றி மாற்றிக் கணினியில் பார்த்துவிட்டால், வீணாகும் சோதனைப் பிளேடுகள் குறையும். ஆனால் கணினி சொன்னதே முடிவல்ல. மாதிரியை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, விரிசல் சோதனையும் செய்தாக வேண்டும்.

ரோபோ என்றால் ஒரே வேலையை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்யும் இயந்திரம் என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தேன். அதைத் திருத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவன், "அப்போ எங்க அண்ணன் வேலை போயிடுமா சார்?" என்றான். சமாதானம் சொல்லத் தோன்றவில்லை. கையால் வெல்டிங் செய்பவர்களின் தேவை இதுபோன்ற இடங்களில் குறையும் என்றேன். நல்ல வெல்டிங் எது, கெட்டது எது என்று பார்த்த உடனே சொல்லத் தெரிந்தவர் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலும் வேண்டும் என்பதையும் சொன்னேன்.

சற்று யோசித்துவிட்டு, "ஐ.டி.ஐ.யில வெல்டரோட சேத்து வேற என்ன படிக்கணும் சார்?" என்று கேட்டான். சி.என்.சி. இயந்திரம், அளவிடும் கருவிகள், கொஞ்சம் கணினி வரைகலை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இன்னும் 4 பேர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.