வடியாத வயல்: களிமண் நிலத்துக்காரர் தெரிந்து வைக்க வேண்டியவை

திருத்துறைப்பூண்டிப் பக்கமோ கீழ்வேளூர்ப் பக்கமோ, ஐப்பசி அடைமழை விட்டு ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். தெரு காய்ந்திருக்கும், சம்பா வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். "மழை விட்டு எட்டு நாளாச்சு, தண்ணி இறங்கவே மாட்டேங்குது" என்பது அங்கே ஆண்டுதோறும் கேட்கிற பேச்சு. அந்தத் தண்ணீர் கீழே இறங்காது. பக்கவாட்டில் வடிந்தால்தான் உண்டு.

காவிரி டெல்டாவின் கடைமடையில் பெரும்பகுதி கனத்த களிமண். மண் ஆய்வாளர்கள் களத்தூர், ஆதனூர் என்று பெயரிட்டுப் பிரித்திருக்கும் வகைகள் இந்தக் கூட்டம்தான். இதிலுள்ள களித்துகள்கள் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவு வெடிப்பு விடும். முதல் மழையை அந்த வெடிப்புகள் மடமடவென்று உள்வாங்கும். மண் உப்பியதும் அவை மூடிக்கொள்ளும். அதன்பின் நீர் இறங்குவது மணிக்கு ஓரிரு மில்லிமீட்டர்கூட இருக்காது. போதாக்குறைக்கு, தலைமுறை தலைமுறையாகச் சேறடித்த வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித் தளம் இறுகிக் கிடக்கும்.

இதை மண்ணின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. நெல்லுக்குத் தண்ணீரைக் கட்டி நிறுத்தித் தருவது இந்தக் குணம்தான். தை அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் விதைக்கிற உளுந்தும் பயறும் பாசனமே இல்லாமல் விளைவது இந்த மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தில்தான். வடிய வழி அடைபடும்போதுதான் அதே குணம் ஆளைக் கவிழ்க்கிறது.

உங்கள் வயல் எந்த ரகம் என்று பார்க்க ஒரு மண்வெட்டி போதும். ஈர மண்ணை விரலிடுக்கில் வைத்து அழுத்தித் தள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் நாடாவாக நீண்டால் கனத்த களி. பிறகு ஒன்றரை அடி தோண்டுங்கள். மேலே பழுப்பாக இருக்கும் மண் கீழே சாம்பல் பூத்தோ நீலம் பாய்ந்தோ இருந்து, வேர் போன தடங்களில் துருச் சிவப்புக் கோடுகள் தெரிந்தால், அங்கே ஆண்டில் பல மாதம் நீர் தேங்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இன்னும் மோசம். கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வேரைக் கருக்குகிறது.

மூழ்கிய மண்ணில் ஓரிரு நாளிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நைட்ரேட்டாக இருக்கும் தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடும். துத்தநாகம் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. நிற்கிற தண்ணீரில் யூரியாவை வீசுவது காசை வாய்க்காலில் விடுவதுதான். நீரை வடித்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடச் சொல்வார்கள் வேளாண் துறையினர். பயிர் மஞ்சள் பாய்ந்திருந்தால் 200 லிட்டர் நீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் கரைத்துத் தெளிக்கலாம். பள்ளக்கால் வயலுக்கு சிஆர் 1009 சப் 1 போன்ற ரகம் நல்லது. பத்து நாளுக்கு மேல் மூழ்கினாலும் தாங்கித் துளிர்க்கும். ஆனால் ரகத்தை மாற்றியதால் வடிகால் திறந்துவிடாது.

வடிகால்தான் இங்கே உயிர்நாடி. டெல்டாவின் சரிவு மிகக் குறைவு. கடலில் ஓதம் ஏறினால் முகத்துவாரம் வாங்காது, நீர் எதிர்த்து நிற்கும். மேலூரின் வடிகாலே கீழூரின் பாசன வாய்க்காலாக இருக்கும் இடங்கள் பல. அதில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டினாலோ, ஒருவர் வரப்பை நகர்த்தி வாய்க்காலை விழுங்கினாலோ, வயலை மேடாக்கி மனை போட்டாலோ, மேலே உள்ள நூறு ஏக்கர் அழுகும்.

பாசனத் தண்ணீருக்காக மறியல் வரை போகிற நாம், வடிகாலைக் கேட்டுப் பெறும் உரிமையாக நினைப்பதே இல்லை. சட்டமோ அதை உரிமையாகவே நினைக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7-ஆம் பிரிவு: மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவது மேட்டு நிலக்காரரின் உரிமை. கீழே இருப்பவர் கரை போட்டு அதை மறித்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். அதற்காக நீங்கள் புதிதாக வாய்க்கால் வெட்டியோ மோட்டார் வைத்தோ அவர் வயலில் நீரைத் தள்ள முடியாது. இயல்பான ஓட்டத்துக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

வழக்குச் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் எப்போதும் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும்.

வாய்க்கால் புறம்போக்கே ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால் வழி வேறு. 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் அது வாய்க்கால் என்று இருக்கிறதா, எத்தனை மீட்டர் அகலம் என்று முதலில் பாருங்கள். நகல் தர இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த நகலோடு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை கேட்டு வட்டாட்சியருக்கு மனு எழுதி, ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்குங்கள். இதையெல்லாம் ஆடிக்குள் முடிக்க வேண்டும். கார்த்திகையில் மனு கொடுத்தால் பொக்லைன் இறங்கவும் இடமிருக்காது.

பயிர்க் காப்பீட்டில் பலர் ஏமாறுவது ஒரு நுணுக்கத்தில். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயல் மூழ்கியதற்கான இழப்பீட்டிலிருந்து நெல் 2018-ல் நீக்கப்பட்டது. அதனால் ஊர் முழுக்க மகசூல் குறைந்ததாக அறுவடைப் பரிசோதனை காட்டினால்தான் பணம் என்று ஆனது. பள்ளக்காலில் தனியாக மூழ்கியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நெல் மூழ்குவதை 2026 காரிஃப் முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு தெரிவிக்க வேண்டும். உதவி எண் 14447. காப்பீடு செய்யும்போதே இந்தப் பிரிவு உங்கள் ஊர் அறிவிக்கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பா சேரும் ராபி பருவத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் கட்டாயமில்லை என்பதால், வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ தானாகப் பிடித்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

அரசு நிவாரணம் இதிலிருந்து தனி. பேரிடர் நிதியின் 2022-26 விதிப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் பதிவானால், பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் 2 எக்டேருக்குக் கிடைத்தது. கணக்கெடுக்க வருவோர் சாலையோரத்தோடு திரும்பாமல், உள்வயல் வரை கூட நடந்து காட்டுங்கள்.

எனக்கு ஆற்றாமை வருவது குத்தகைக்காரரை நினைக்கும்போதுதான். கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த டெல்டாவில், சேற்றில் நிற்பவர் ஒருவராகவும் சிட்டாவில் இருப்பவர் வேறொருவராகவும் இருப்பது சாதாரணம். காப்பீடு குத்தகைக்காரருக்கும் உண்டு. ஆனால் கையில் தாள் வேண்டும். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிவு செய்யக் கோரலாம். அது முடியும்வரை, நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரில் அடங்கல் வாங்கி, குத்தகை நெல் அளந்த ரசீதுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பா காப்பீட்டுக் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடியும். அந்த வாரம் மழையும் இருக்கும், இ-சேவை மையத்தில் கூட்டமும் இருக்கும். அக்டோபரிலேயே போய்விடுங்கள்.