பள்ளியில் கல்லூரிப் பாடம்: பெயர்ப்பில் எழும் சில சிக்கல்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளி மாணவர் கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பயில்வதற்கான ஏற்பாடுகள் பல உள்ளன. அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்னும் திட்டம். இதனைத் தமிழில் விளக்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் முதல் தொடரிலேயே இடர்ப்படுகிறார். பள்ளி, கல்லூரி, பாடம் ஆகிய மூன்றும் எளிய சொற்களே. எனினும் இரு நாடுகளிலும் அவை ஒரே எல்லையைக் குறிப்பன அல்ல.

தமிழ்நாட்டில் உயர்நிலைப்பள்ளி 10ஆம் வகுப்போடு முடிகிறது. அமெரிக்க 'ஹைஸ்கூல்' பெரும்பாலும் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைக் கொண்டது. இப்பாடங்களை மிகுதியாகப் பயில்வோர் அதன் இறுதி ஈராண்டு மாணவர். எனவே 'உயர்நிலைப்பள்ளி மாணவர்' என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் வயதையே பிழைபட உணர்வர். 'மேல்நிலை வகுப்பு மாணவர்' என்பதே ஏற்புடையது.

'கல்லூரி' என்பதன் எல்லை இந்தியாவிற்குள்ளேயே இடம் பெயர்ந்துள்ளது. 1978 வரை தமிழ்நாட்டில் 11 ஆண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் ஓராண்டுப் புகுமுக வகுப்பு கல்லூரிகளில் நடைபெற்றது. அவ்வாண்டு மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்நிலை பள்ளிக்குச் சென்றது. மாணவரின் வயது மாறவில்லை. அவர் பயிலும் இடத்தின் பெயரே மாறியது. கர்நாடகத்தில் அதே நிலை இன்றும் புகுமுகக் கல்லூரி என்றும், ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களில் ஜூனியர் கல்லூரி என்றும் வழங்குகிறது. 'பள்ளியில் கல்லூரிப் பாடம்' என்னும் தொடரைக் கன்னட வாசகருக்கு அப்படியே தந்தால் வியப்பதற்கு அதில் ஒன்றும் இராது.

திட்டத்தின் வரலாறு சுருக்கமானது. சிறந்த பள்ளிகளிலிருந்து வரும் மாணவர் கல்லூரி முதலாண்டில் கற்றதையே மீண்டும் கற்கின்றனர் என்னும் குறை 1950களின் தொடக்கத்தில் உணரப்பட்டது. ஃபோர்டு அறக்கட்டளை சார்ந்த நிதியத்தின் உதவியோடு அது குறித்து ஆய்வுகள் நடந்தன. 1955இல் 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பு பொறுப்பேற்றது; 1956இல் முதல் தேர்வுகள் நடைபெற்றன. பாடத்தைக் கற்பிப்பவர் பள்ளி ஆசிரியர். ஆண்டுதோறும் மே மாதம் நடைபெறும் பொதுத் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பு வழங்கப்படுகிறது. பல கல்லூரிகள் 3ஐ ஏற்கின்றன. சில 4 அல்லது 5 வேண்டும் என்கின்றன.

ஏற்பின் பயன் இருவகைப்படும். ஒன்று, பட்டத்திற்கு வேண்டிய 'கிரெடிட்' கணக்கில் சேர்தல். மற்றொன்று, அறிமுகப் பாடத்தைத் தவிர்த்து அடுத்த நிலைப் பாடத்தில் அமர்தல். திட்டத்தின் பெயரிலுள்ள 'பிளேஸ்மெண்ட்' இதுவே. முன்னையது இன்றிப் பின்னையது மட்டும் தரும் கல்லூரிகளும் உண்டு. இரண்டையும் 'சலுகை' என ஒரே சொல்லால் பெயர்ப்பது இவ்வேறுபாட்டை அழித்துவிடும். மேலும், நம் கல்லூரி வளாகங்களில் 'பிளேஸ்மெண்ட்' என்றால் வேலைவாய்ப்பு என்றே பொருள். அகராதியை மட்டும் நம்புபவர் 'உயர்நிலை வேலைவாய்ப்பு' என்று எழுதிவிடவும் கூடும்! பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும் பணியை நோக்கிக் 'கல்லூரிநிகர் பாடத் திட்டம்' எனல் தகும்.

இதனோடு குழப்பத்தகாத மற்றொன்று இரட்டைப் பதிவு முறை. இதில் மாணவர் பள்ளியில் பயிலும்போதே ஒரு கல்லூரியிலும், பெரும்பாலும் சமுதாயக் கல்லூரியில், பதிவு பெறுகிறார். இறுதிப் பொதுத் தேர்வு ஒன்றையே சார்ந்திராமல் பாடம் முழுவதற்குமான தரம் கணக்கிடப்பட்டு, கல்லூரியின் மதிப்பெண் பதிவேட்டில் நிலையாக இடம்பெறுகிறது. முன்னைய திட்டத்தின் தேர்வில் 1 பெற்றவருக்குக் கல்லூரிப் பதிவில் யாதும் ஏறாது. இரட்டைப் பதிவில் தவறியவருக்கோ அக்குறை பின்னாளைய சேர்க்கையிலும் தொடரும். இரண்டையும் 'கல்லூரிப் பாடம்' என்றே எழுதும் பெயர்ப்பு, அதனை நம்பி முடிவெடுக்கும் பெற்றோரைத் தவறான வழியில் செலுத்தும்.

மொழியியலார் நோக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம், இலத்தீன் ஆகியவற்றோடு 2007 முதல் சீனமும் ஜப்பானியமும் இத்திட்டத்தில் தேர்வுப் பாடங்களாக உள்ளன. இந்திய மொழி எதுவும் இல்லை. பிரெஞ்சு, சீனம் போன்ற வாழும் மொழிகளுக்கான தேர்வில் பேச்சுப் பகுதியும் உண்டு. தமிழ் இடம்பெறுமாயின், உரையாடல் வினாவிற்குப் பேச்சு வழக்கில் விடையளிப்பவருக்கா, எழுத்து வழக்கில் விடையளிப்பவருக்கா முழு மதிப்பு என்பதை முன்னரே வரையறுக்க வேண்டியிருக்கும். இரட்டை வழக்கு மொழிக்கு இது சிறிய வினா அன்று.

'கிரெடிட்' என்பதற்கு இன்னும் இசைவான தமிழ்ச்சொல் நிலைபெறவில்லை. 'கடன்' வங்கியை நினைவூட்டும்; 'அலகு' பாடநூலின் உட்பிரிவைக் குறிக்கும்; 'மதிப்பெண்' தேர்வில் பெறுவது. 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு பள்ளிக் கல்வியையும் இக்கணக்கிற்குள் கொணர்ந்துள்ளமையால், இச்சொல் இனி அமெரிக்கச் செய்திகளோடு நிற்பதன்று; பள்ளிச் சான்றிதழ்களைப் பெயர்ப்பவரும் எதிர்கொள்வது. பொதுச்சொல் ஒன்று வழக்கூன்றும் வரை 'கிரெடிட்' என்றே ஒலிபெயர்த்து, முதல் வருகையில் அது பட்டத்தை நோக்கிச் சேரும் கற்றல் அளவு என ஒரு தொடரில் விளக்கிவிடுவது போதுமானது.