எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் எடை ஏறினால்...



நம் டிரஸ்ட்டின் மருத்துவ நிதியிலிருந்து உதவி பெற்று எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு சகோதரி, சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் மகளிர் பிரிவினரைக் கண்டதும் சட்டென்று எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். ஏதோ மனவருத்தம் போலும் என்று நினைத்தோம். பிறகு வீடு தேடிப் போய்ப் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பின் 28 கிலோ குறைந்திருந்தார். மூன்றாவது வருடத்தில் 11 கிலோ திரும்ப ஏறிவிட்டது. "ஜமாஅத் காசையும் தின்னுட்டு மறுபடி தின்னு பெருத்துட்டான்னு சொல்லுவாங்க லாத்தா" என்று அழுதாராம். அந்த வெட்கத்தினால் ஒன்றரை வருடமாக ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, சத்து மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். நமக்கு அதிர்ச்சியாக இருந்தது எடை ஏறியது அல்ல, இந்த இரண்டும்தான்.

அவருடைய சம்மதத்தோடு, பெயரும் தெருவும் இல்லாமல் இதை எழுதுகிறோம். நம் மஹல்லாவில் இந்த ஆபரேஷன் செய்தவர்கள் இப்போது ஒருவர் இருவர் அல்ல. செய்யாதவர்களும் படிக்க வேண்டும். ஏனென்றால் செய்தவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பது பாதி அவர் கையிலும், பாதி அவரைச் சுற்றியிருப்பவர்கள் கையிலும் இருக்கிறது.

ஆபரேஷன் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக் குழாயாக விடுகிறார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவு சின்னப் பை ஒன்றை உண்டாக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் உண்டாகிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் பசியும் அடங்கிவிடுகிறது. முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் எடை தானாக இறங்குவது இதனால்தான். அந்தக் காலத்தில் பலருக்குச் சாப்பாட்டு நினைப்பே வராது.

பிறகு உடம்பு பழகிவிடுகிறது. பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, ஆரம்பத்தில் இரண்டு வாயில் நிறைந்த வயிறு இப்போது ஆறு வாய் கேட்கிறது. மிகக் குறைந்த எடையிலிருந்து ஓரளவு திரும்ப ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். மருத்துவர்களே அதை எதிர்பார்த்துத்தான் வருடா வருடம் வரச் சொல்கிறார்கள். ஆகவே ஐந்து கிலோ ஏறியவர் குற்றவாளியைப் போல ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஏற்றம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும்.

"வயிறு மறுபடி விரிஞ்சு போச்சு, இனி என்ன செய்ய முடியும்?" என்று பலர் கேட்கிறார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். அதைப் பரிசோதித்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நாம் கேட்டறிந்த காரணம் வேறு. அளவு அதிகமாகவில்லை, தடவைகள்தான் அதிகமாகியிருக்கின்றன.

அந்தச் சகோதரியிடம் ஒரு நாள் முழுவதும் வாயில் போட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம். சாப்பாடு என்று உட்கார்ந்து அவர் உண்டது மிகக் குறைவு. பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் ஸுபுஹுக்குப் பின் டீயில் நனைத்த இரண்டு ரஸ்க். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பியதும் அவர்கள் தட்டில் மிச்சம் வைத்த தோசை. பதினொரு மணிக்கு டீ, பிஸ்கட். மாமியாருக்குச் சோறு போடும்போது நின்றபடியே இரண்டு அப்பளம். அஸருக்குப் பின் டீயும் மிக்சரும். இரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின், சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து நாலு வாய். ஐந்து டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் சர்க்கரை மட்டுமே ஏறத்தாழ ஐம்பது கிராம். "நான் ஒன்னுமே சாப்பிடலியே" என்று அவர் சொன்னது பொய்யல்ல. அவர் ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை!

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுருங்கிய வயிற்றில் கோழித் துண்டு, மீன், முட்டை போன்ற கெட்டியான உணவு தங்கி நிற்கும். நிறைந்த உணர்வைக் கொடுக்கும். டீயில் நனைத்த ரஸ்க், முறுக்கு, சிப்ஸ், ஐஸ்கிரீம், ரோஸ்மில்க், சர்பத் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எவ்வளவு உள்ளே போனாலும் வயிறு நிறைந்ததாகத் தெரியாது. ஆணம் ஊற்றிக் குழைத்த சோறும் அப்படித்தான். அத்தோடு தண்ணீரும் குடித்தால் உணவு இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும். ஆபரேஷன் கொடுத்த வேலியை உடைக்காமலே அதன் இடுக்கில் நுழைந்துவிடும் உணவுகள் இவை. கறித்துண்டு நெஞ்சை அடைக்கிறது, கஞ்சிதான் ஒத்துக்கொள்கிறது என்று சொல்லி மெல்ல மெல்ல கெட்டி உணவை விட்டவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். அடைப்பது பெரும்பாலும் வேகமாக விழுங்குவதனால்தான். சிறு துண்டாக்கி, நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிட்டால் இறங்கும். மெதுவாகச் சாப்பிட்டும் அடைத்தாலோ அடிக்கடி வாந்தி வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, வழிக்குத் திரும்புவது எப்படி? செல்போனில் சுற்றும் 'ஐந்து நாள் தண்ணி உணவு, வயிறு பழையபடி சுருங்கும்' என்ற வைத்தியத்தை நாம் கேட்டறிந்த உணவியல் நிபுணர் ஏற்கவில்லை. ஐந்து நாள் பட்டினி கிடந்து ஆறாம் நாள் பிரியாணியில் முடிவதைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறாராம். அவர் சொன்னது எளியது. ஆபரேஷன் முடிந்து கெட்டி உணவு தொடங்கிய நாளில் சொல்லிக்கொடுத்த அதே பாடத்துக்குத் திரும்ப வேண்டும்.

அதில் முதலாவது, புரதம் முன்னால். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொல்லும் அளவையே எடுக்க வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் சுமார் இருபது, ஒரு டம்ளர் பாலில் ஆறேழு. காலையில் இரண்டு அவித்த முட்டை, பகலில் சுட்ட அல்லது குறைந்த எண்ணெயில் வாட்டிய மீன், மாலையில் ரஸ்குக்குப் பதிலாகச் சுண்டல், இரவில் கோழி, இடையில் தயிர் என்று வைத்துக்கொண்டால் பவுடர் வாங்காமலே கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். நம் வீடுகளில் கறிக்கும் மீனுக்கும் பஞ்சமில்லை. சோற்றை நடுவில் குவித்து மீனை ஓரத்தில் வைப்பதுதான் நம் பழக்கம்; அதை மாற்றி மீனை முதலில் தின்று, பிறகு காய், இடமிருந்தால் மட்டும் இரண்டு மூன்று ஸ்பூன் சோறு. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், முடித்து அரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை நினைவூட்டி ஒருவர் நம்மிடம் கேட்டார். வயிறு முட்ட உண்ணாதே என்பதல்லவா அதன் கருத்து? இவர்களுக்குத் தண்ணீரின் பங்கு வேறு நேரத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, நேரம். மூன்று வேளை, தேவைப்பட்டால் இடையில் ஒரு தடவை. அதுவும் உட்கார்ந்து, தனித் தட்டில். சஹனில் நாலு பேர் சேர்ந்து உண்பது பரக்கத்தான பழக்கம், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சஹனில் யார் எவ்வளவு உண்டார் என்பது யாருக்குமே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் வேகத்துக்கு நம் கையும் போகும். கூட உட்காருங்கள், தட்டு மட்டும் சின்னதாக வேறு இருக்கட்டும். வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசியில் மிச்சத்தைத் தின்பவளாக உங்கள் மனைவியை வைத்துவிட்டு, அவள் எடை ஏறியதைக் கேலி பேசுவது நியாயமா?

விருந்து வீடுகளில் வலீமா பிரியாணியிலிருந்து கறித்துண்டை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் சோற்றோடு எழுந்துவிடலாம். "நம்ம வீட்டுச் சோறு பிடிக்கலியா?" என்று கேட்டுத் தட்டில் அள்ளிப் போடுவதை உபசரிப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து கையை நிறுத்துங்கள். வட்டலாப்பத்தில் முட்டை இருக்கிறதே, புரதம்தானே என்று ஒரு பெரியவர் வாதாடினார். கூடவே சீனியும் தேங்காய்ப்பாலும் இருக்கிறது பெரியவரே! முக்கியமாக பைபாஸ் செய்தவர்களில் பலருக்கு இனிப்பு சட்டென்று குடலுக்குள் இறங்கி, வியர்த்து, படபடத்து, வயிற்றோட்டமாகப் போய்விடும்.

இனி மாத்திரைகள். எடையைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறோம். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12, பல்சத்து மாத்திரை ஆகியவை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் ஆயுள் முழுவதும் வேண்டியவை. எடை ஏறினாலும் இறங்கினாலும் அவற்றின் தேவை மாறாது. பி12 குறைந்தால் கை கால் மரத்துப்போகும், நாளடைவில் நரம்பு கெடும். இரும்பு குறைந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரைக்கு டீ ஆகாது. கேப்ஸ்யூலின் மேலுறை ஜெலட்டின் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அந்தப் பேணுதல் மதிப்புக்குரியது. ஆனால் அதே சத்து சாதாரண மாத்திரையாகவும், சைவ உறையிலும் கிடைக்கிறது. மருந்துக்கடையில் கேளுங்கள், ஆலிமிடம் கேளுங்கள். மௌனமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி, விடாத வயிற்று வலி, கறுப்பாக மலம் போவது, கண் பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது போன்றவை வந்தால் உணவைத் திருத்திப் பார்க்கிறேன் என்று வீட்டில் இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் இவர்களின் வயிற்றில், முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, புண் உண்டாக்கக் கூடியவை.

ரமலான் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் வருடத்தில் நோன்பு வேண்டாம் என்றே பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதன் பிறகும் ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே போய்க் கேட்டுவிட வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கட்டாயமாக. நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகையை ஏற்பதில் குறை இல்லை. களாவா, ஃபித்யாவா என்பதை மருத்துவர் சொன்னதோடு இமாமிடம் போய்க் கேளுங்கள். நோன்பு வைப்பவர்கள் ஒரு பேரீச்சம்பழம், சில மிடறு தண்ணீர் என்று திறந்துவிட்டு மஃரிப் தொழுதபின் முட்டையோ கறியோ உண்ணலாம். பள்ளிவாசல் கஞ்சியை முழுக் கிண்ணமாக முதலில் குடித்துவிட்டால் மற்றதற்கு இடமிருக்காது. வடை, சமோசா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? இரவு முழுவதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவருவதுதான் இவர்களுக்கு ரமலானில் பெரிய வேலை.

கடைசியாக நம் தவறு ஒன்று. நிர்வாகக் குழுவில் இந்தச் சகோதரி விஷயம் வந்தபோது, "அப்போ கொடுத்த பணம் வீண்தானே?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். வீணல்ல. 11 கிலோ ஏறிய பிறகும் அவர் முன்பைவிட 17 கிலோ குறைவு. இரவில் மூச்சு முட்டி எழுவது நின்றது நின்றதுதான். ஆனால் அந்தக் கேள்வி வேறொன்றைக் காட்டிக்கொடுத்தது. ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்த நாம், அதன் பின் மாதா மாதம் மாத்திரைக்கும், வருடா வருடம் ரத்தப் பரிசோதனைக்கும், மதுரைக்குப் போய் வரும் பஸ் செலவுக்கும் என்ன செய்வார் என்று கேட்கவே இல்லை. வெட்கம் பாதி என்றால், இல்லாமை பாதி. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, நாம் கேட்கவும் இல்லை.

இனிமேல் இந்த ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வரும் மனுக்களில் பின்தொடர் செலவையும் சேர்த்தே கணக்கிடுவதாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. முன்பு உதவி பெற்றவர்களும், பெறாமல் சொந்தச் செலவில் செய்தவர்களும்கூட, மாத்திரைக்கோ பரிசோதனைக்கோ சிரமம் இருந்தால் அலுவலகத்தில் சொல்லலாம். பெண்கள் மகளிர் பிரிவில் சொன்னால் போதும், பெயர் குழுவுக்கு வராது. வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, முடிந்தால் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிய நோட்டு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அந்தச் சகோதரி சென்ற வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். பி12 மிகவும் குறைந்திருந்ததாம், ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். எடையைப் பற்றி மருத்துவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை என்று ஆச்சரியமாகச் சொன்னார்.